எல்லாருக்கும் ஒரே வானம்

"நான் இன்னும் பொறக்கவே இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே இயக்குநர் அம்மா கம்ப்யூட்டர் திரையை வெப்சைட்காரர் பக்கம் திருப்பினார்.

திரையில் வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம். அதன் கீழே பொடி எழுத்தில், 'நேரம் முடிந்துவிட்டது.'

"பிறந்த தேதியைப் போட்டேன், ஊரைப் போட்டேன். அந்த ராத்திரி வானம் எப்படி இருந்துச்சுன்னு காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? இது என்னடான்னா, என் நேரம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லுது. நாளைக்குச் செயலாளர் வந்து உட்கார்ந்தாலும் இப்படித்தான் சொல்லுமா?"

"சொல்லாது மேடம். இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

பொய்தான். ஆனால் சொல்லும்போது உண்மை என்று நினைத்துத்தான் சொன்னார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களின் பொய்கள் பெரும்பாலும் அந்த ரகம்.

குன்றின் மேல் உருண்டைக் கூரையோடு இருந்த வானியல் மையம் அது. கூரைக்குக் கீழே இருந்த பெரிய தொலைநோக்கியைப் பழுது பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவர மையத்தின் ஒரே விஞ்ஞானியும் கூடப் போனார். தொலைநோக்கியும் வரவில்லை, விஞ்ஞானியும் வரவில்லை. இயக்குநர் அம்மா மீன்வளத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். மீனைப் பார்த்துக்கொண்டவர் விண்மீனையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் யாரோ நினைத்திருக்கலாம். ஆக, நட்சத்திரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை.

இதைத்தான் மேலிடமும் கேட்டது. தொலைநோக்கி இல்லாத இடத்துக்கு மையம் எதற்கு? இழுத்து மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டலாமே? நாளை மாலை துறைச் செயலாளர் நேரில் வருகிறார். பார்த்துவிட்டு முடிவு சொல்வார். அவருக்குக் காட்ட மையத்திடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான், போவதற்கு முன்னால் விஞ்ஞானி மையத்தின் சர்வர் கம்ப்யூட்டரில் எழுதி வைத்துவிட்டுப்போன ஸ்கிரிப்ட் என்கிற நிரல்.

அதை முதன்முதலில் படித்த அன்று வெப்சைட்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை அவர் எழுதியதெல்லாம் 'தொடர்புக்கு' பக்கமும் 'விடுமுறை அறிவிப்பு' பக்கமும்தான். இதிலோ ஒரு தேதியும் ஒரு ஊரும் கொடுத்தால் போதும். ஸ்கிரிப்ட் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கூப்பிட்டு, 'அன்றைக்கு நீ எங்கே நின்றாய்?' என்று விசாரித்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். அத்தனை புள்ளியும் சேர்ந்தால் வானம். ஒரு பழைய சர்வர், கொஞ்சம் கணக்கு, அதற்குள் பிரபஞ்சமே அடங்கிக் கிடந்தது. மனுஷ மூளை இவ்வளவு தூரம் போகுமா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரே குறைதான். அது நத்தை வேகத்தில் நடந்தது.

முதல் வைத்தியம் சுலபமாகத் தெரிந்தது. இத்தனை நேரத்துக்குள் வேலையை முடிக்காத ஸ்கிரிப்டை சர்வர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அந்தக் கெடுவைத் தாராளமாக நீட்டி வைத்துவிட்டு, இயக்குநர் அறைக்குப் போனார்.

"வந்துச்சா மேடம்?"

"வரலை. அதான் திரும்பத் திரும்ப அமுக்கிட்டிருக்கேன்."

"அமுக்காதீங்க மேடம்!"

"லிஃப்ட் வரலேன்னா நீங்க ஒரு தடவை அமுக்கிட்டுக் கையைக் கட்டிட்டு நிப்பீங்களா?"

ஓடிப்போய் சர்வரைப் பார்த்தார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஸ்கிரிப்ட் புதிதாக ஒரு தடவை கிளம்பியிருந்தது. முன்பாவது கெடு வந்ததும் செத்துப்போகும். இப்போது அவர் ஆயுளை நீட்டிவிட்டதால் ஒன்றும் சாகவில்லை. அத்தனையும் முண்டியடித்துக்கொண்டு ஒரே வானத்தை வரைந்துகொண்டிருந்தன. ஒரு அம்மா ஒரே ராத்திரியில் எத்தனை தடவைதான் பிறக்க முடியும்? சர்வர் மூச்சுத் திணறி, மையத்தின் மின்னஞ்சலையும் சேர்த்துப் படுக்க வைத்தது.

எல்லாவற்றையும் கொன்று ஒன்றை மட்டும் விட்டார். நெடுநேரம் கழித்து அந்த ஒன்று முடித்தது. இயக்குநர் அம்மாவின் திரையில் கறுப்பாக விரிந்து, நட்சத்திரங்கள் வாரி இறைத்தாற்போல் வந்து நின்றது வானம்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இவ்வளவா இருந்துச்சு?" என்றார் மெதுவாக. "குஞ்சு பொரிச்ச மீன் தொட்டி மாதிரி இருக்கே."

மீன்வளத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வெப்சைட்காரர், இந்த இடத்தை வண்டி நிறுத்துமிடமாக விடவே கூடாது என்று அந்த நிமிஷத்தில் சபதம் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் வைத்தியம்: ஒரு தடவை வரைந்த வானத்தைச் சேமித்து வைத்துவிட்டால், அடுத்த தடவை வரையவே வேண்டாம், எடுத்து நீட்டிவிடலாம். எழுதி முடித்து, வீட்டிலிருந்த மனைவியிடம் போனில் சொன்னார். அவர் பள்ளி ஆசிரியை. திருத்தச் சொன்னால் விடமாட்டார்.

"என்னங்க, சும்மா பறக்குது! போட்ட உடனே வருது!"

"பார்த்தியா!"

"என் வானமும் நம்ம பொண்ணு வானமும் ஒண்ணுபோல இருக்கு."

"அம்மாவும் பொண்ணும்னா கொஞ்சம் சாயல் இருக்கும்."

"உங்க தேதியும் போட்டேன். அதே வானம். நம்ம கல்யாணத் தேதியும் போட்டேன். அதுவும் அதே. ஏங்க, இது யாரோட வானம்?"

சேமிக்கிற ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது அதில் தேதியைச் சேர்க்க மறந்திருந்தார். முதலில் யாருக்கு வரைந்ததோ அதுவே எல்லாருக்கும் போனது. ஊரில் உள்ள அத்தனை பேரும் இயக்குநர் அம்மா பிறந்த அதே ராத்திரியில் பிறந்தவர்களாகிவிட்டார்கள்.

சேதி தெரிந்ததும் அம்மா யோசித்தார். "அதுல என்ன பெரிய தப்பு?" என்றார்.

வெப்சைட்காரர் தேதியைச் சேர்த்தார். சேர்த்ததும் பழைய நத்தை திரும்பி வந்தது. ஏற்கெனவே கேட்டவருக்குத்தான் சேமித்தது உதவும். செயலாளரோ முதல் தடவையாகக் கேட்கப் போகிறவர்.

மாலை வீட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே லேப்டாப்பை விரித்தார். யோசித்துப் பார்த்ததில் பழி நட்சத்திரங்கள் மேல் விழுந்தது. இத்தனை எதற்கு? பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒளி எண் என்று ஒன்று இருந்தது. கண்ணுக்கே தெரியாத மங்கல் நட்சத்திரங்களைக் கழித்துவிட்டால் பாரம் குறையுமே? சின்ன எண் உள்ளதையெல்லாம் தள்ளச் சொல்லி ஒரு வரி எழுதினார். ஓட்டிப் பார்த்தார். வேகம் கூடவில்லை; நெடுநேரம் கழித்துத்தான் வானம் வந்தது.

வந்தது, ஆனால் கரி பூசினாற்போல் இருந்தது. ஒரு புள்ளியும் இல்லை.

இயக்குநர் அம்மா போனில் வந்தார். "நேரம் ஆனாலும் வந்துடுச்சு. ஆனா நான் பொறந்த அன்னிக்கு மேகமா இருந்துச்சா?"

"பார்க்கறேன் மேடம்."

"மத்தியானம் மேகம் இல்லையே. என் பிறந்த நாள்ல மேகம் எப்ப வந்துச்சு?"

போனை வைத்துவிட்டு, எண்களை மறுபடி பார்த்தார். எடுத்தது கொஞ்சம்தான், மிச்சம் இருப்பது மலையளவு. ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை. இவரது புலம்பலைக் கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, ஒரு சட்டையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எதை எடுத்தீங்க?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இருக்கறதை எல்லாம். எண் சின்னதா இருந்தா வெளிச்சம் கம்மிதானே?"

"பட்டியல்ல ஒண்ணாம் எண்ணை வாங்கினது யாரு, மத்தியானம் வந்த வானத்துல பளிச்சுனு தெரியறதுதானே? இது மார்க் இல்லீங்க, ரேங்க். முதல் ரேங்க் புள்ளைங்களையெல்லாம் வெளியே அனுப்பிட்டு, கடைசி பெஞ்சை மட்டும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

வானத்தில் இருந்த பளிச்சென்ற நட்சத்திரங்களை எல்லாம் ஒரே வரியில் அணைத்துவிட்ட மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்த வரியைத் தலைகீழாக்கிப் பார்த்தார். இப்போது முதல் ரேங்க் நட்சத்திரங்கள் மட்டும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு நின்றன. வேகம் வந்துவிட்டது; ஆனால் மத்தியானம் இயக்குநர் அம்மாவைக் கண்ணாடி துடைக்க வைத்த அந்த வானம் இல்லை. மாவு சலித்த பிறகு சல்லடையில் மிஞ்சுமே, அதுபோல இருந்தது. இதைப் பார்த்து எந்தச் செயலாளரும் மூச்சைப் பிடிக்க மாட்டார். எல்லா நட்சத்திரங்களையும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, 'இனி ஆள் பலம்தான்' என்று தீர்மானித்து, கணக்குப் பிரிவிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கி வந்தார். வேலையை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கத் திட்டம். அதைச் செருகப் பிளக் இல்லை. மின்சாரம் போனால் சர்வரைக் காப்பாற்றும் பேட்டரிப் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் இதைச் செருகினார்.

எலக்ட்ரீஷியன் வாசலில் நின்று பார்த்தார். கட்டடத்தில் பல்பு முதல் கதவுப் பூட்டு வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

"சார், இது பழைய லைன். பார்த்துப் பண்ணுங்க."

"இன்னிக்கு ஒரு நாள்தான் அண்ணே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றபடி அவர் மேடைக்கு மைக் கட்டப் போய்விட்டார்.

இரண்டு இயந்திரமும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தன. மின்விசிறிகள் விமானம் கிளம்புவதுபோல இரைந்தன. வேகமோ முன்னைவிடக் குறைந்தது. நட்சத்திரப் பட்டியல் இருந்தது சர்வரில். புது இயந்திரம் ஒவ்வொன்றையும் இதனிடம் கேட்டுக் கேட்டு எழுத, இது தன் வேலையையும் விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. உதவிக்கு வந்தவர் உட்கார வைத்துச் சோறு போட வேண்டிய விருந்தாளியாகிவிட்டார்.

வேறு வழி தெரியாமல், கடைசியில் செய்ய வேண்டியதை முதல் தடவையாகச் செய்தார். எதையும் மாற்றாமல், ஸ்கிரிப்டை வரி வரியாக உட்கார்ந்து படித்தார்.

படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஸ்கிரிப்ட் பட்டியல் ஃபைலைப் புதிதாகத் திறந்தது. முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே போய், தனக்கு வேண்டிய நட்சத்திரம் வந்ததும் குறித்துக்கொண்டு ஃபைலை மூடியது. அடுத்த நட்சத்திரத்துக்கு மறுபடி திறந்து, மறுபடி முதல் வரியிலிருந்து. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்க்க அகராதியை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிற கதை. இவ்வளவு பெரிய மேதை இவ்வளவு சின்ன இடத்தில் சறுக்கியிருந்தார். இத்தனை நாளாக அந்தச் சர்வர் முணுமுணுக்காமல் வானம் முழுவதையும் லட்சம் தடவை படித்துப் படித்துத்தான் ஒரு வானம் வரைந்திருக்கிறது. என்ன பொறுமை! சர்வரைத் தடவிக் கொடுத்தார். கை சுட்டது.

திறப்பதையும் மூடுவதையும், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் திரும்பத் திரும்ப நடக்கும் அந்தச் சுழற்சிக்கு வெளியே கொண்டுவந்தார். இரண்டே வரி இடம் மாறியது. சேமித்தார். ஓட்டிப் பார்க்கலாம் என்று விரலை வைக்கும்போது கதவு திறந்தது.

"செயலாளர் வந்தாச்சு! இங்க என்ன பண்றீங்க? லேப்டாப்போட வாங்க!" என்று இயக்குநர் அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சோதித்துப் பார்க்காத ஸ்கிரிப்டை மேடையேற்றுவது, நீச்சல் தெரியாத பிள்ளையை ஆற்றில் விடுவதற்குச் சமம். அதை இழுத்துக்கொண்டு போகிறவரிடம் எப்படிச் சொல்வது?

தொலைநோக்கி இருந்த கூடம் நிறைய ஆட்கள். மனைவியும் மகளும் மூன்றாவது வரிசையில். கூரையின் உட்பக்கம் முழுக்கப் படம் விழும்படி புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். செயலாளர் முன்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நரைத்த கொண்டை, சிரிக்காத முகம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போய், வெளியே பொழுது சாய்ந்தேவிட்டது.

செயலாளரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் பிறந்த தேதியையும் ஊரையும் லேப்டாப்பில் தட்டிவிட்டுப்போய் உட்கார்ந்தார்.

"விளக்கை அணைங்க!" என்றார் இயக்குநர் அம்மா மைக்கில். கூடம் இருண்டது. அந்த உற்சாகத்தில் அவர் யாரும் எழுதிக் கொடுக்காததையும் பேசினார். "நீங்களும் சும்மா இருக்காதீங்க! எல்லாரும் உங்க போன்லயே அவங்கவங்க பிறந்த தேதியைப் போட்டுப் பாருங்க!"

வெப்சைட்காரர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். இருட்டில் நூற்றுக்கணக்கான முகங்கள் நீல வெளிச்சத்தில் குனிந்தன. நூற்றுக்கணக்கான விரல்கள் அமுக்கின. வரவில்லை என்று மறுபடி அமுக்கின. பக்கத்து அறையில் மின்விசிறிகள் ஓலமிட்டது சுவரைத் தாண்டிக் கேட்டது. லேப்டாப்பில் சர்வரின் பாரம் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது.

'டப்' என்று எங்கோ ஒரு சத்தம். ஓலம் நின்றுவிட்டது.

அவர் காதைத் தீட்டிக்கொண்டார். நின்றுவிட்டதா? பாரம் இறங்கிவிட்டதா? இடம் மாற்றிய அந்த இரண்டு வரி வேலை செய்துவிட்டதா?

"லேப்டாப்பை மூடுங்க, கண்ணு கூசுது" என்று இயக்குநர் அம்மா மைக் இல்லாமலே அதட்டினார். "எல்லாரும் போனை உள்ள வைங்க!"

மூடினார். இனி கடவுள் விட்ட வழி. கூடம் கும்மிருட்டாக இருந்தது. தலைக்கு மேலே கடகடவென்று நீளமாக ஒரு முழக்கம் எழுந்து அடங்கியது. பின்னணி இசைகூட ஏற்பாடு செய்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். ஏசியைக் கூட்டிவிட்டார்கள்போல, குளுகுளுவென்று காற்று வந்து வேர்வையில் பட்டது.

அண்ணாந்து பார்த்தார்.

முதலில் ஆழமான ஒரு நீலம். அதில் ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு மூன்று, பத்து. எண்ணுவதற்குள் எண்ணிக்கையை மீறிப் போய்விட்டன. நீலம் கறுக்கக் கறுக்க, முதல் ரேங்க் நட்சத்திரங்களுக்கு நடுவே இரண்டாம் ரேங்க், அவற்றுக்கு நடுவே பொடி, பொடிக்கும் பொடி. கடைசி பெஞ்சு வரை அத்தனையும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் மெல்லத் துடித்தது. துடிப்பை அவர் எழுதவில்லை. 'விஞ்ஞானி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார், வேகம் போதாமல் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது!' என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

திடீரென்று ஒரு புள்ளி கழன்று, வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு ஓடி மறைந்தது. 'ஐயோ, பிழை!' என்று பதறினார். கூட்டம் 'ஆ'வென்று கூவியது. பிழைக்குப் பாராட்டு வாங்கிய முதல் புரோகிராமர் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

மகள் எப்போது வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. அவருக்குக் கழுத்து வலித்தது, ஆனால் குனிய மனம் வரவில்லை. இவ்வளவு பெரியது தலைக்கு மேலே இருந்திருக்கிறது. இதன் முன்னால் நானும் என் இரண்டு வரியும் எந்த மூலைக்கு? ஆனாலும் அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் இது ஏது?

நெடுநேரம் கழித்து இருட்டில் ஒரு குரல் வந்தது. செயலாளர்.

"எங்கம்மா என்னைப் பெத்துட்டு இதைத்தான் பார்த்துட்டுக் கிடந்தாங்களா!" குரல் உடைந்திருந்தது. "நான் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லையே. இந்த இடத்தை யாரும் மூட மாட்டாங்க. இது என் பொறுப்பு. இதைச் செஞ்சது யாரு?"

"இவர்தான் மேடம்!" என்று இயக்குநர் அம்மா இருட்டில் வெப்சைட்காரரின் தோளைத் தேடிப் பிடித்து உலுக்கினார்.

கைதட்டல் மழையாகக் கொட்டியது. மூன்றாவது வரிசையிலிருந்து மனைவியின் கைதட்டல் தனியாகக் கேட்டது. அவர் தள்ளாடி எழுந்து, இருண்ட கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்போது டார்ச் வெளிச்சம் ஒன்று அசைந்து அசைந்து அவர் அருகே வந்தது. எலக்ட்ரீஷியன், கையெல்லாம் கிரீஸ், குனிந்து காதோரம் சொன்னார்:

"மன்னிச்சுக்குங்க சார், குன்று முழுக்கக் கரண்ட் போயிடுச்சு, ஜனம் வேர்த்துச் சாகுமேன்னு நான்தான் கூரையைக் கையால சுத்தி ரெண்டு பக்கமும் திறந்து விட்டேன். இப்ப கரண்ட் வந்தாச்சு, மூடிடறேன், நீங்க உங்க வானத்தை ஆரம்பிங்க."